மூன்றாம் மாதமே ரத்தம் சொல்லிவிடுமா?

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குக் கால் வீங்கினால், "இதெல்லாம் சகஜம்" என்று வீட்டுப் பெரியவர்கள் தைரியம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று சேர்ந்துகொண்டால் சங்கதி வேறு. 'பிரீ-எக்ளாம்ப்சியா' என்று டாக்டர்கள் அழைக்கும் கோளாறாக அது இருக்கக்கூடும். கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டும். பெரும்பாலோருக்குச் சிறுநீரில் புரதமும் இறங்கும். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். முற்றினால் வலிப்பு கண்டு தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

வெளியே தெரிவது பிற்பாடுதான்; வினை தொடங்குவது முதல் மாதங்களிலேயே. கருப்பையின் ரத்தக் குழாய்கள், வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவதுபோல விரிந்து நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் விட வேண்டும். சிலருக்கு இது சரிவர நடப்பதில்லை. பிராணவாயு போதாமல் திணறும் நஞ்சுக்கொடி வெளியிடும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களையே கெடுக்கின்றன.

இதை முன்கூட்டியே கண்டறிய உதவுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் பொருள் 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' மரபணுவிலிருந்து புறப்படும் உத்தரவு புரதமாக மாறாதபடி, சிக்னல் போட்டு வண்டியை நிறுத்துவதுபோல் நிறுத்திவைக்கும் துணுக்கு இது. நீளம் சுமார் 22 எழுத்துகளே. அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 1993-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டார்கள். புழுவோடு போகிற விஷயம் என்று அப்போது பலரும் பொருட்படுத்தவில்லை. 2024-ல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது!

நஞ்சுக்கொடியும் இத்துணுக்குகளைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. பிராணவாயு குறையும்போது பெருகும் 210-ம் எண் துணுக்கு, இக்கோளாறு கண்ட பெண்களிடம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. ஆயினும் ஒரு கூடத்தின் முடிவு இன்னொரு கூடத்தில் அப்படியே வருவதில்லை. எந்த வாரத்தில் ரத்தம் எடுத்தார்கள், எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்தனவா என்பதெல்லாம் கணக்கை மாற்றிவிடும். ஆகவே இச்சோதனை இன்னும் சாதாரண ஆஸ்பத்திரிகளுக்கு வரவில்லை.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன லாபம்? 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு மூன்றாம் மாதவாக்கிலிருந்து இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்கும்படி ஆக்கும் பிரீ-எக்ளாம்ப்சியா, மற்றவர்களில் 4.3 சதவீதம், இவர்களில் 1.6 சதவீதம்தான். டாக்டர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது.

இப்போதைக்குக் கையிலிருப்பவை ரத்த அழுத்தக் கருவியும் சிறுநீர்ச் சோதனையும். வெளிமாநிலத்தில் குடியிருப்போர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு ரயிலேறுகிறாள். அங்குள்ள டாக்டருக்கு அன்றைய அளவு மட்டுமே தெரியும். 130-க்கு 85 என்பது பார்வைக்குச் சாதாரணம்; மூன்றாம் மாதம் 100-க்கு 60 என்று இருந்தவளுக்கு அது ஏற்றம். அந்தப் பழைய எண்கள் எழுதியிருக்கும் அட்டையோ, பல வீடுகளில் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அது கைப்பையில் போக வேண்டிய சாமான். டிக்கெட்டோடு சேர்த்து வைத்தால் மறக்காது.