விகடகவியை அறியாத கணினி

கல்லூரியில் நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்களுக்குத் தவறாமல் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு சொல்லை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே சொல்லாக அமைகிறதா என்று கண்டறியும் நிரலை எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'மேடம்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'ஆம்' என்று விடை வரும். அதே நிரலிடம் 'விகடகவி'யைக் கொடுத்தால் 'இல்லை' என்று விடை வரும். திருஞானசம்பந்தர் 'மாலைமாற்று' என்ற பெயரில் ஒரு முழுப் பதிகமே பாடியிருக்கும் மொழியில், பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஒரு சொல்லைக் கணினியால் அடையாளம் காண முடியவில்லை.

காரணம் எளியது. 'விகடகவி' நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ அது ஏழு. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு குறியேற்றத்தில் 'வி' என்பது ஒரே எழுத்தாக இல்லை. வகரம் ஒரு குறி, அதனை அடுத்து இகரத்தின் துணைக்குறி மற்றொரு குறி. இவற்றைக் கடைசியிலிருந்து திருப்பி அடுக்கினால், சாய்ந்து நிற்பதற்கு எழுத்தில்லாத ஒரு துணைக்குறி சொல்லின் தலையில் வந்து நிற்கும். எங்கள் ஊராகிய மொரப்பூரையே எடுத்துக்கொள்வோம். எழுதிப் பார்த்தால் ஐந்தெழுத்து. யூனிகோடில் ஒன்பது குறிகள். வலைப்பக்கங்களில் வழக்கமாகப் பயன்படும் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது குறி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 27 பைட்.

அகர வரிசைப்படுத்துவதிலும் இதே சிக்கல். மரம், மலர், மழை, மறை, மனம் என்பது நம் அகராதிகளின் வரிசை. குறிகளின் எண்மதிப்பை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலோ மனம், மரம், மறை, மலர், மழை என்று தரும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டின் குறியேற்ற முறையைப் பின்பற்றி, 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பொது முறை தேவநாகரியின் வரிசையை அடியொற்றியது. அதனால் தமிழ் நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் னகரம், நகரத்துக்கு அடுத்துப் போய் அமர்ந்துகொண்டது.

இவற்றையெல்லாம் சரிசெய்யப் பெரிய மேதைமை வேண்டியதில்லை. மெய்யைத் தொடர்ந்து புள்ளியோ துணைக்குறியோ வந்தால் இரண்டையும் சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்க என்று பத்து வரிகளில் எழுதிவிடலாம். ஆனால், அந்தப் பத்து வரிகளை எழுதுபவருக்கு உயிர், மெய், உயிர்மெய் என்ற பாகுபாடு தெரிந்திருக்க வேண்டும். நம் கல்வி அமைப்பில் இதை அறிந்தவர் தமிழ்த்துறையிலும், நிரல் எழுதுபவர் கணினித்துறையிலும் இருக்கிறார்கள். இரு துறைகளுக்கும் நடுவே ஒரு தாழ்வாரந்தான் இருக்கும். அதைக் கடந்து ஒருவர் மற்றவரிடம் போவது மிக அரிது.

அப்படியானால் தமிழ் எப்படி இணையத்தில் ஏறியது? இரண்டையும் ஒருசேரக் கற்றுக்கொண்ட பொழுதுபோக்காளர்களால்தான். பொழுதுபோக்கு என்ற சொல்லை நான் இழிவாகச் சொல்லவில்லை. பிழைப்புக்கு வேறு தொழில் இருக்க, மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் ஆர்வத்தால் செய்த வேலை என்ற பொருளில் சொல்கிறேன்.

உலகளாவிய வலை என்னும் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் அறிவித்தது 1993 ஏப்ரலில். அதே ஏரிக்கரையில் சற்றுத் தொலைவில் உள்ள லோசான் நகரில், ஒளிவேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றினார் கு. கல்யாணசுந்தரம். ஆய்வகத்தில் அவர் வேலை சூரிய ஒளியை ஆற்றலாக மாற்றும் வேதிப்பொருள்களோடு. வீட்டிலோ 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். தமிழ் கற்போருக்கும் தமிழில் தட்டெழுத விரும்புவோருக்கும் உதவும் தகவல்களைத் தம் சொந்த வலைப்பக்கங்களில் தொகுத்தார். 1998 பொங்கல் நாளில் அவரும் நண்பர்களும் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் வரை நூற்றுக்கணக்கான நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புத் திருத்தி, எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்தது. இன்று ஆய்வேடு எழுதும் மாணவர் ஒரு சங்கப் பாடலடியைத் தேடிக் கண்டெடுக்கிறார் என்றால், அதைத் தட்டெழுதியவர் ஏதோ ஓர் அயல்நாட்டில், வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு பொறியாளராகவோ மருத்துவராகவோ இருக்கக்கூடும்.

அவர் தனியர் அல்லர். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றிக் காட்டினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலிருந்து 'முரசு' மென்பொருளை வளர்த்தார். கட்டடக்கலை வல்லுநரான யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன், வளைகுடா நாட்டில் பணியாற்றியபடியே 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர். இவர்களில் எவரும் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. தமிழ்நாடு அரசு குறியேற்றத் தரங்களைப் பற்றிச் சென்னையில் மாநாடு கூட்டியது 1999இல். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது 2001இல். அரசு வந்தது, ஆனால் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

இவர்களுக்கு அடுத்த தலைமுறையில் என்னை மிகவும் கவர்ந்தது 'எழில்' என்ற நிரல்மொழி. அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை, தமிழ் மட்டும் அறிந்த மாணவரும் நிரலாக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று இதை உருவாக்கினார். ஆங்கிலக் கட்டளைச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை மாற்றிப் போடுவதோடு அவர் நிற்கவில்லை. ஆங்கிலத்தை ஒட்டிய நிரல்மொழிகளில் 'இஃப்' என்ற சொல் முதலில் வரும். நிபந்தனை பிறகு வரும். எழிலில் நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே. 'மழை பெய்தால்' என்பதில் வினைக்குப் பின்னேதானே நம் 'ஆல்' ஒட்டுகிறது? 'வரை' என்ற கட்டளையும் அப்படியே. மொழியின் தொடரமைப்பை ஊன்றி எண்ணிப் பார்க்காத ஒருவருக்கு இது தோன்றியிருக்காது. தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிப்பதற்கென்று அவரும் நண்பர்களும் எழுதிய 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு சோதித்தால், விகடகவி விகடகவியாகவே இருக்கும்.

எழிலைக் கொண்டு வேலைவாய்ப்புப் பெற முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. ஆனால், கேள்வியே பொருத்தமற்றது. மூன்றுசக்கர வண்டி ஓட்டிப் பழகும் குழந்தையிடம் ஓட்டுநர் உரிமம் கேட்பதைப் போன்றது அது.

இனி என் துறைக்கு வருகிறேன். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாததும், எவரையும் விலக்க இயலாததுமான பொருளைப் பொதுப்பண்டம் என்போம். 1954இல் பால் சாமுவேல்சன் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார். அத்தகைய பண்டத்தைச் சந்தை போதிய அளவில் உற்பத்தி செய்யாது. ஆகவே அரசுதான் செய்ய வேண்டும் என்பது பாடநூலின் முடிவு. வகுப்பில் நான் கலங்கரை விளக்கத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன். இன்று கற்பித்தால் மதுரைத் திட்டத்தைச் சொல்வேன். ஏனென்றால், சந்தையும் செய்யாமல் அரசும் செய்யாமல் ஒரு பொதுப்பண்டம் பெருமளவில் உருவான கதை அது.

அது எப்படி நிகழ்ந்தது என்பதற்கு நான் காணும் விளக்கம் இதுதான்: பொழுதுபோக்காளருக்குக் கூலி உண்டு, அந்தக் கூலி கற்றலே. சொந்த வலைப்பக்கம் ஒன்றை அமைப்பவர் எச்.டி.எம்.எல். கற்கிறார், கற்றதைக் குறிப்பாக எழுதி வைக்கிறார். இந்தி பயில்பவராகவோ ஜப்பானிய மொழி பயில்பவராகவோ இருந்தால் தாம் தடுமாறிய இடங்களைப் பட்டியலிடுகிறார். ஆசிரியரின் விளக்கத்தைவிடச் சில வேளைகளில் இந்தக் குறிப்பே பயன் மிகுந்தது. கரை ஏறிப் பல்லாண்டுகளான ஆசிரியருக்கு வழுக்கிய படிக்கட்டு எது என்பது மறந்துபோயிருக்கும். நேற்று ஏறியவருக்கு நினைவிருக்கும். ஆக, அவர் தமக்காகக் கற்றார். உடன்விளைவாக ஊருக்கொரு பொதுப்பண்டம் கிடைத்தது. நாட்டு வருமானக் கணக்கில் இதற்கு இடமில்லை என்பது வேறு செய்தி. ஒரு நிறுவனம் பதிற்றுப்பத்தைத் தட்டெழுதி விற்றால் மொத்த உள்நாட்டு உற்பத்தி உயரும். ஒரு தன்னார்வலர் தட்டெழுதி இலவசமாகத் தந்தால் ஒரு ரூபாயும் உயராது.

இதே விளக்கம்தான் இத்தளங்களின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறது. கட்டுவதில் கற்றல் இருக்கிறது, பராமரிப்பதில் இல்லை. தளப்பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவதிலோ உடைந்த இணைப்புகளைத் திருத்துவதிலோ என்ன இன்பம் இருக்க முடியும்? கற்றல் என்ற கூலி நின்றவுடன் உழைப்பும் மெல்ல நிற்கிறது. நடத்தியவர் முதுமையடைகிறார், அல்லது மறைகிறார். அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமல் தளம் அணைந்துவிடுகிறது. இலவச இடம் தந்த நிறுவனங்களை நம்பியவர்களின் நிலை இன்னும் மோசம். உலகெங்குமுள்ள தனிமனிதர்களுக்கு வலைப்பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் மூடியது. அடோபி நிறுவனம் 2020 இறுதியில் ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கு ஆதரவை நிறுத்தியபோது, அதில் செய்யப்பட்டிருந்த அசைவூட்டப் பாடங்களும் எழுத்து விளையாட்டுகளும் இயங்காமற்போயின. வியப்பு என்னவென்றால், 1990களில் வெறும் எச்.டி.எம்.எல்.இல் எழுதப்பட்ட பக்கம் இன்றைய உலாவியிலும் பழுதின்றித் திறக்கும். எளிமைக்கு இப்படியோர் ஆயுள்!

கட்டியதைப் பேணாமல் விடுவது என்றால் என்ன என்று மொரப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய ரயில்பாதை திறக்கப்பட்டது; பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941இல், போர்க்காலத்தில், அது மூடப்பட்டது. மொரப்பூர் - தருமபுரி இடையே மீண்டும் பாதை அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது 2019இல். இடையில் கழிந்தவை 78 ஆண்டுகள். ஒரு கட்டமைப்பைக் காப்பதற்கு ஆகும் செலவையும், இழந்தபின் மீட்பதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வலைப்பக்கத்தைக் காப்பதற்கான செலவு ரயில்பாதையோடு ஒப்பிடத் தக்கதன்று, மிகச் சிறியது. முதற்கண், உரிமம். இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. இலவசமாக வாரி வழங்க நினைத்தவரின் பக்கத்தையும், அவர் அனுமதி எழுதி வைக்காவிட்டால், வேறொருவர் எடுத்துக் காப்பாற்ற இயலாது. கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமக் குறிப்பு ஒரே வரிதான். அந்த வரி இருந்தால் தளம் அணைந்தாலும் உள்ளடக்கம் வேறிடத்தில் வாழும். அடுத்து, சேகரிப்பு. அரிய அச்சு நூல்களை மின்வடிவாக்கி வரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் ஆர்வலர்களின் வலைதளங்களையும் நூல்களுக்கு இணையாகக் கருதிப் படியெடுத்து வைக்கலாம். அச்சிட்ட தாளுக்குத் தரும் மதிப்பை வலைப்பக்கத்துக்குத் தர நம் நூலகத்துறை இன்னும் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவதும் என் மனத்துக்கு நெருக்கமானதும் கல்லூரிகளைப் பற்றியது. கணினி பயிலும் ஒவ்வொரு மாணவரும் இறுதியாண்டில் செயல்திட்டம் ஒன்றை அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, வருகைப்பதிவு என்று ஒரே தலைப்புகள் சுழன்று வருகின்றன. அவற்றில் பல விலைக்கு வாங்கப்படுபவை என்பது ஊரறிந்த கமுக்கம். மதிப்பெண் வந்ததும் அவை அழிகின்றன. அவற்றுக்கு மாறாக, மொழி தொடர்பான சிறிய வலைதளம் ஒன்றை அமைத்து, பொது உரிமத்தில் வெளியிட்டால் செயல்திட்டமாக ஏற்கலாம் என்று பல்கலைக்கழகங்கள் விதி வகுக்கட்டும். வழிகாட்டி இருவர்: கணினித்துறையிலிருந்து ஒருவர், தமிழ்த்துறையிலிருந்து ஒருவர். அந்தத் தாழ்வாரத்தைக் கடக்க இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பொருள் ஏராளம். இங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பல. அப்பிள்ளைகள் அம்மொழிகளைப் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தின் வழியே தெலுங்கு எழுத்தைக் கற்க ஒரு பக்கம், தமிழ் எழுத்தில் இல்லாத ஒலிகளை எப்படிக் குறிப்பது என்று ஒரு குறிப்பு, பாட்டியின் வாயிலிருந்து பதிவு செய்த நூறு சொற்கள் என்று ஒரு மாணவி தொடங்கினால் போதும். கேழ்வரகும் சாமையும் விளையும் கொல்லைகளிலும், புளி தட்டிக் கொட்டை நீக்கும் திண்ணைகளிலும் வழங்கும் சொற்கள் எந்த அகராதியில் ஏறியிருக்கின்றன, எவை ஏறவில்லை என்று ஒப்பிடும் நிரலை இன்னொருவர் எழுதலாம். அதற்கு வேண்டியவை ஒரு மடிக்கணினி, ஓர் உரைதொகுப்பி, பக்கத்தின் தலைப்பகுதியில் அது தமிழ் என்றும் யு.டி.எஃப்-8 என்றும் அறிவிக்கும் இரண்டு குறிப்புகள். பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போது னகரம் இடம் மாறி நிற்பதை அந்த மாணவர் தாமாகவே கண்டுபிடிப்பார். ஏன் என்று கேட்டுத் தமிழ்த்துறையின் கதவைத் தட்டுவார்.