குகைன்னா ஜில்லுன்னு இருக்கும்னு யார் சொன்னா? பேலம் ட்ரிப்புக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிற பேலம் குகை, சென்னை, பெங்களூரு குடும்பங்கள் லாங் வீக்கெண்டில் கண்டிகோட்டாவோடு சேர்த்துப் பார்க்கிற ஸ்பாட். 'உள்ளே ஏ.சி. போட்ட மாதிரி இருக்கும்' என்று நம்பி இறங்குகிற பலர், கொஞ்ச நேரத்திலேயே கர்ச்சீஃப் தேடுகிறார்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என மொத்தக் குடும்பமும் வருகிற இடம் என்பதால், இந்த வெக்கையை லேசா எடுத்துக்க முடியாது.

ஏன் இப்படி? ஒரு குகையின் ஆழமான பகுதிகளில் வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது. அந்த ஊரின் வருடாந்திர சராசரி வெப்பநிலைதான் உள்ளே நிலையாக இருக்கும். அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மேமத் குகை சுமார் 12 டிகிரியில் நடுங்க வைப்பதற்குக் காரணம் அதுதான். பேலம் இருப்பதோ ராயலசீமாவில். அங்கே சராசரியே கிட்டத்தட்ட 28 டிகிரி! போதாததற்கு, காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது. உடம்பு சூடு தணியாது. காற்று வருவதற்கு வழிகள் அமைத்திருக்கிறார்கள் என்றாலும், குறுகலான இடங்களில் கூட்டம் சேர்ந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

அதனால் ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருக்கிற பெரியவர்களை 'வந்தது வந்தாச்சு, கடைசி வரை பார்த்துடுவோம்' என்று இழுக்காதீர்கள். 3,229 மீட்டர் நீளக் குகையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான் நமக்குத் திறந்திருக்கிறது. ஆனா, போன தூரம் திரும்பியும் நடக்கணும், படியும் ஏறணும். ஆழமான இடமான பாதாளகங்கை, நுழைவாயில் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. பாதியில் திரும்புவது ஒன்றும் தோல்வி இல்லை.

அடுத்தது, குழந்தைகள் கை வைக்கிற விஷயம். நம்ம வீட்டு சமையலறை அலமாரியில் இருக்கிற கடப்பா கல் மாதிரிதான் இதுவும் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லைக் கரைத்துக்கொண்டே இறங்குகிறது. குகைக் கூரையில் சொட்டும்போது வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. உப்புத் தண்ணி ஊரில் வாட்டர் ஹீட்டரில் வெள்ளையா படியுமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. வேகம்தான் வேற: பல குகைகளில் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. ஒரு சாண் நீளத்துக்கே இரண்டாயிரம் வருடம் ஆகலாம்! நம் விரலில் உள்ள எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் தண்ணீர் சரியாகப் பரவாது. வளர்ச்சி தடைபடும், நிறமும் கறுக்கும். செல்ஃபிக்காகச் சாய்ந்து நிற்பதும் இதில் சேர்த்திதான்.

நம் மூச்சுக்கே பாதிப்பு உண்டு என்றால் நம்புவீர்களா? பிரான்ஸின் லாஸ்கோ குகை 1948ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடு, ஈரம், விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பாசி எல்லாம் சேர்ந்து ஓவியங்களைக் கெடுக்க, 1963ல் மூடிவிட்டார்கள். பேலத்திலும் விளக்குப் பக்கத்துப் பாறைகளில் பச்சை படர்ந்திருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

நமக்கு ஒரு சென்னை கனெக்‌ஷனும் இருக்கு. 1884ல் இந்தக் குகையைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே புவியியலாளர்தான். அதன்பின் கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1982-83ல் டேனியல் கெபாவர் தலைமையிலான ஜெர்மன் குழு உள்ளே புகுந்து வரைபடம் போட்டது. மக்களுக்குத் திறந்தது 2002ல்.

ரயிலில் போகிறவர்கள் தாடிபத்ரியில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காட்டன் டிரஸ், வழுக்காத செருப்பு, ஆளுக்கொரு தண்ணி பாட்டில். காலி பாட்டிலை மேலே வந்து போடுங்க.