மறுவாழ்வு இல்லத்துக்கு வாராவாரம் செல்லும் கிறிஸ்துவத் தொண்டூழியர்கள் என்ன செய்கிறார்கள்?

மகனையோ கணவரையோ மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பிய குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: “தேவாலயத்திலிருந்து யாரோ வாராவாரம் பார்க்க வருகிறார்களாமே, எதற்கு?” சந்தேகம் கலந்த கேள்விதான். கேட்பதில் தவறில்லை.

போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலோ சிறையிலோ இருப்பவர்களில் பலர், தங்கள் தடுப்புக்காலத்தின் கடைசிப் பகுதியை இத்தகைய இல்லங்களில் கழிக்கின்றனர். பகலில் வேலைக்குச் சென்று இரவில் இல்லத்துக்குத் திரும்ப வேண்டும். சிங்கப்பூரில் இந்த இல்லங்களில் பல சமய அமைப்புகளின் முயற்சியால் உருவானவை. 1970களில் ஹெராயின் பரவியதை அடுத்து, 1977 ஏப்ரலில் தொடங்கிய ‘ஆபரேஷன் ஃபெரட்’ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர். சிகிச்சை முடிந்து வெளியில் வந்த பலருக்குப் போக்கிடம் இல்லை. 1983ல் தொடங்கிய ‘பிரேக்த்ரூ மிஷன்ஸ்’, 1987ல் தொடங்கிய ‘தி ஹெல்பிங் ஹேண்ட்’ போன்ற கிறிஸ்துவ அமைப்புகள் அந்த இடைவெளியில் நுழைந்தன. முஸ்லிம் அமைப்புகளான பெர்டாபிஸ், ஜாமியா ஆகியவையும் இல்லங்களை அமைத்தன. இந்து அறக்கட்டளை வாரியம் ‘ஆஷ்ரம்’ இல்லத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது.

இல்லத்தை நடத்துவது ஒரு வேலை என்றால், அங்கிருப்பவரைச் சென்று பார்ப்பது வேறொரு வேலை. சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் ஒரு கடமையாகவே சொல்கிறது. கிறிஸ்துவர்கள் இதில் முன்நிற்பதற்கு அது ஒரு காரணம். அனுபவமும் அதற்குத் துணை நின்றது. 1966ல் தமது 22வது வயதில் இங்கிலாந்திலிருந்து ஹாங்காங் சென்ற ஜாக்கி புலிங்கர், கவ்லூன் மதில் நகரின் சந்துகளில் ஹெராயின் புழங்கியவர்களிடையே பல்லாண்டு தொண்டாற்றினார். பழக்கத்தை விடும்போது உடல் படும் வேதனையின் நாள்களில், ஒருவர் மாற்றி ஒருவராக இரவு பகலாக அருகில் இருந்து பிரார்த்தனை செய்வது அவரது குழுவின் வழக்கம். பிரார்த்தனையின் பலனைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். வேதனைப்படுபவரைத் தனியே விடவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் 1935ல் உருவான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் தொடக்கமும் இப்படிப்பட்ட சந்திப்புதான். குடியை விட்ட இருவர், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த மூன்றாமவரைப் பார்க்கச் சென்றனர். போய்ப் பார்ப்பவரும் மீண்டும் குடிக்காமல் இருக்க அந்தச் சந்திப்பே உதவுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இன்று இல்லங்களுக்கு வரும் தொண்டூழியர்களிலும் முன்னாள் போதைப்புழங்கிகள் உண்டு. ஆலோசகர் அரை மணி நேரம் விளக்கிச் சொல்வதை, அதே பாதையில் நடந்து வந்தவர் இரண்டு வாக்கியங்களில் புரியவைத்துவிடுவார்.

சந்திப்பில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. கேரம் விளையாடுவார்கள், கோப்பி குடிப்பார்கள், பந்து ஆட்டம் பற்றிப் பேசுவார்கள். சிலர் பாடுவார்கள், பைபிள் வாசிப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராத மூத்த தமிழருக்கு, “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று தமிழில் ஒருவர் கேட்பதே அந்த வாரத்தின் முக்கிய நிகழ்வாக இருக்கக்கூடும். அதிகாரியிடம் எதையும் அளந்துதான் பேச வேண்டும். வீட்டாரிடம் பேசினால் பழைய கடனும் கண்ணீரும் குறுக்கே வரும். தொண்டூழியர் இந்த இரு தரப்பிலும் இல்லாதவர். அவரிடம் “நேற்று இரவு பழைய நினைப்பு வந்தது” என்று சொல்ல முடிகிறது.

அதனால்தான் கட்டுப்பாடுகளும் கடுமையாக உள்ளன. பணம் கொடுக்கக்கூடாது. அனுமதியின்றிப் பொருளோ கடிதமோ கைமாறக்கூடாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது இதைவிட மோசமானது. பலமுறை கைவிடப்பட்டவருக்கு அது இன்னொரு முறை. கிறிஸ்மஸ் சமயத்தில் பரிசுப்பைகளோடு கூட்டமாக வந்து படமெடுத்துச் செல்பவர்களைவிட, ஆண்டு முழுவதும் சத்தமில்லாமல் வரும் ஒருவரே இல்லத்துக்கு அதிகம் தேவை.

உண்மையான சோதனை இல்லத்தைவிட்டு வெளியேறிய பிறகு வருகிறது. பல மாதங்கள் போதைப்பொருளைத் தொடாதவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஹெராயின் புழங்கியவர் முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். விடுதலையான முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்தவர் ஐந்து ஆண்டுகள் வரை மேற்பார்வையில் இருக்கவேண்டும் என்று 2019ல் சட்டம் திருத்தப்பட்டது. சிறுநீர் அல்லது முடிப் பரிசோதனை, ஒருவர் மீண்டும் புழங்கினாரா என்று காட்டும். வெள்ளிக்கிழமை சம்பளம் கையில் இருக்கும்போது பழைய கூட்டாளி அழைத்தால் யாரைத் தொலைபேசியில் கூப்பிடலாம் என்பதற்கு அதில் பதில் இல்லை. இல்லத்தில் அறிமுகமான தொண்டூழியரின் எண் அப்போதுதான் பயன்படுகிறது.

இனி மதம் பற்றிய கேள்வி. கிறிஸ்துவ இல்லங்கள் பலவற்றில் காலைப் பிரார்த்தனையும் பைபிள் வகுப்பும் அன்றாட அட்டவணையின் பகுதி. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. அங்கே நம்பிக்கையைத் தேடிக்கொண்டு வாழ்க்கையை மீட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பூசை அறையை விட்டுக்கொடுக்காமலேயே மீண்டவர்களும் இருக்கிறார்கள். தேவாலயத்துக்கு வந்தால்தான் உதவி என்று நிபந்தனை போடுபவரின் நட்பு, அந்த நிபந்தனை மறுக்கப்படும் நாளில் முடிந்துவிடும். மீண்டு வருபவருக்கு அதுவும் ஓர் இழப்பு.

ஆகவே, குடும்பத்தினர் தொடக்கத்திலேயே இல்லப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடலாம்: வழிபாட்டில் கலந்துகொள்வது கட்டாயமா, பிற சமயத்தவர் அந்நேரத்தில் என்ன செய்வார்கள், தமிழ் பேசும் தொண்டூழியர் இருக்கிறாரா, வெளியேறிய பிறகும் அவர் தொடர்பில் இருப்பாரா? அவர் வீட்டுக்கு வரலாமா என்பதை மீண்டு வருபவரிடமே கேட்க வேண்டும்.