மாரியும் இரும்புக் கதிரையும்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், முற்றத்து மரத்தடியிற் கிடக்கும் இரும்புக் கதிரையை நினைப்பார் எவருமிலர். தை கழிந்து வெயில் ஏறியபின் அதனைத் துடைத்து வைத்து, வீட்டுக்கு வந்த பெரியவரை அமரச் செய்கின்றனர். கால் முறிந்து அவர் விழும்போதுதான் கறள் செய்த வேலை வெளிப்படுகின்றது. மேலே தீந்தை பளபளக்க, உள்ளே இரும்பு உக்கியது எங்ஙனம்?

இரும்பு கறள்பிடிக்க நீரும், காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும். உப்பும் சேருமாயின் நீர் மின்னை எளிதிற் கடத்தும்; அழிவு விரைவுபடும். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய கரையோரங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. மேலும், கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைப்பது. தீந்தையில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அதன்வழி ஈரம் நுழையும். உள்ளே உண்டாகும் கறள் பருத்துத் தீந்தையைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் மீண்டும் ஈரம் புகும்.

ஆகவே, கறளின்மேல் தீந்தை பூசுவது நோயை மூடிவைப்பதேயாகும். புரட்டாதியில், மழைக்கு முன்னரே, கதிரையை நன்னீரிற் கழுவி உப்பைப் போக்குதல் வேண்டும். நன்கு உலர்ந்தபின் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் இரும்பு தெரியுமட்டும் கறளைச் சுரண்டி, அன்றே கறள்தடுப்புப் பூச்சைப் பூசி, அது காய்ந்தபின் இருமுறை தீந்தை இடுதல் நன்று. பழைய தீந்தையில் ஈயம் இருத்தல் கூடும்; அதன் தூசு நஞ்சு. அத்தகைய தீந்தையை நனைத்தே சுரண்டுக, சிறுவரை அண்டவிடாதிருக்க.

குழாய்க் கால்களில் நீர் தேங்குவது மற்றொரு தீங்கு. அடியிலுள்ள இறப்பர் மூடியில் சிறு துளை இட்டால் நீர் வடிந்துவிடும். கதிரையைச் சேற்றில் விடாது கல்லின்மேல் வைத்தல் வேண்டும். பொலித்தீனால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்த ஈரம் வெளியேறாது. காற்றோட்டமுள்ள தாழ்வாரமே சிறந்தது.

பிரெஞ்சுப் பொறியியலாளர் சொரெல் 1837இல் இரும்பை உருகிய நாகத்தில் தோய்க்கும் முறைக்கு உரிமம் பெற்றார். கீறல் விழுந்தாலும் நாகம் தான் முதலிற் கரைந்து இரும்பைக் காக்கும். எனினும் கடற்காற்று நாகத்தையும் மெல்ல அரிப்பதால், கழுவுதல் அதற்கும் வேண்டியதே.

மாரி கழிந்ததும் கதிரையைக் கவிழ்த்து, பொருத்துகளையும் கால்களின் அடியையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். தட்டிய இடம் உள்ளே ஒடுங்கினால் அதில் எவரையும் இருத்தலாகாது. பெரியவரை அமரச் செய்யுமுன் செய்யவேண்டிய சோதனை இதுவே.