காட்மாண்டுவா? பொக்காராவா?

"சார், ரக்சௌலுக்கு இரண்டு டிக்கெட்!"

கவுண்டரில் கேட்டவர் நம் தமிழ் வாலிபர். பக்கத்தில் அவருடைய துணைவர். அவரும் ஆண்தான். பெயர் வேண்டாம் என்றார்கள்.

ரக்சௌல், பீகாரின் எல்லை ரயில் நிலையம். தாண்டினால் நேபாளம். இந்தியருக்கு விசா வேண்டாம்.

"பசுபதிநாதர் தரிசனமா தம்பி?"

"இல்லை சார், குடியேற ஊர் பார்க்க!"

இவருக்குக் காட்மாண்டு பிடிக்கும். அங்கே 'காய் ஜாத்ரா' என்ற பசுத் திருவிழாவில் ஓரினக் காதலர்களும் ஊர்வலம் போகிறார்கள். மற்றவருக்குப் பொக்காரா. பேவா ஏரி, அமைதி. "சின்ன ஊர். வேலை கிடைக்குமா?" என்று இவர் மடக்கினார்.

2007-ல் நேபாள சுப்ரீம் கோர்ட்டு இவர்களுக்குச் சம உரிமை உண்டு என்றது. 2015 அரசியல் சட்டமும் பாதுகாப்பு தந்தது. 2023 நவம்பரில், சட்டப்படி ஒரே பாலினமான ஜோடியின் திருமணம் லாம்ஜுங் மாவட்டத்தில் பதிவானது. இந்தியாவில் 2018-ல் 'குற்றமல்ல' என்ற தீர்ப்பு வந்தது. திருமணத்துக்கு 2023 அக்டோபரில் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

"இங்கே வீட்டுக்காரரிடம் அண்ணன் தம்பி என்று சொல்லித்தான் குடியிருக்கிறோம் சார்."

"திரும்பி வர டிக்கெட்?" என்றேன்.

"வேண்டாம்" என்றார் ஒருவர்.

"போடுங்கள் சார். ஊரில் அம்மா இருக்கிறார்" என்றார் மற்றவர்.

போட்டுக் கொடுத்தேன்.