இரு சில்லும் நான்கு சில்லும்

வாகனம் செலுத்துவோரிற் பெரும்பாலார் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தை அடைவதற்காகவே செலுத்துகின்றனர். செலுத்துவதில் உள்ள இன்பத்தை நாடிச் செலுத்துவோர் சிலர். அச் சிலரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்குண்டு. பாரங்குறைந்த சிறு ஸ்போர்ட்ஸ் கார் கூடிய இன்பந் தருமா, மோட்டார்ச் சைக்கிள் தருமா என்பதே அவ்வழக்கு.

முதலிற் காரின் கட்சியைக் கேட்போம். இங்கிலாந்தின் பொறியியலாளர் கொலின் சப்மன் 1957ஆம் ஆண்டில் லோட்டஸ் செவின் என்னுங் காரை வெளியிட்டார். அதற்குக் கூரையில்லை, கதவுமில்லை எனலாம். பாரமோ ஏறக்குறைய 500 கிலோகிராம் மட்டுமே. இயந்திரத்தின் வலுவைக் கூட்டினால் நேர்வீதியிற் பயனுண்டு. பாரத்தைக் குறைத்தாலோ புறப்படுதல், திரும்புதல், நிறுத்துதல் ஆகிய யாவற்றிலும் பயனுண்டு. இதனை நன்குணர்ந்தவர் சப்மன். 1973இல் அக்காரை ஆக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதன் வழிவந்த கார்கள் இன்றும் ஆக்கப்படுகின்றன. 1989இல் யப்பானின் மஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 என்னுங் காரும் இக்கொள்கையின் வழிவந்ததே. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாதல் என்ற யப்பானியக் கருத்தை அதனை அமைத்தோர் தம் இலக்காகக் கொண்டனர்.

இனி மோட்டார்ச் சைக்கிளின் கட்சி. 1959இல் வெளிவந்த டிரையம்ப் பொனவிலின் இயந்திரம் 46 குதிரைவலுவுடையது. அதன் பாரம் 200 கிலோகிராமிலுங் குறைவு. தொடக்ககாலச் செவினின் வலுவோ ஏறக்குறைய 40. செலுத்துவோர் 70 கிலோகிராம் நிறையுடையவர் எனக் கொள்வோம். காரில் ஒவ்வொரு குதிரைவலுவும் 14 கிலோகிராமை இழுக்க, மோட்டார்ச் சைக்கிளில் ஏறக்குறைய 6 கிலோகிராமையே இழுக்கின்றது. குறைந்த பணத்தில் மிகுந்த பாய்ச்சலைத் தருவது எது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வளைவிலே இரண்டும் மாறுபடும். கார் திரும்பும்போது உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதை உணர்கிறோம். மோட்டார்ச் சைக்கிளோ உட்புறமாகச் சாய்கின்றது. அதனால் விசை முழுவதும் இருக்கையினூடே நேராக இறங்குகின்றது. பறவை வட்டமிடுவது போன்ற உணர்ச்சி தோன்றுகின்றது. வேகமாகச் செல்கையில் இடப்புறந் திரும்ப வேண்டுமாயின், இடக் கைபிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். முன்சில்லு கணப்பொழுது வலப்புறந் திரும்ப, வண்டி இடப்புறஞ் சாய்ந்து வளைவினுட் புகும். இதனை உடல் பழகிக்கொள்வதே ஒரு கலை.

ஆயின், தவற்றின் விலை என்ன? ஈரத்திலோ மணலிலோ காரின் பின்சில்லு வழுக்கினால், கைதேர்ந்தவர் சுக்கானைத் திருப்பி மீளலாம். வளைவிலே மோட்டார்ச் சைக்கிளின் முன்சில்லு வழுக்கினாற் பெரும்பாலும் வீழ்ச்சியே. வேகம் இருமடங்காகும்போது மோதலின் ஆற்றல் நான்மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

அரேபியாவிற் போராடிப் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், 1935 மே 13ஆந் திகதி, இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலே தமது பிரஃப் சுப்பீரியர் வண்டியிற் சென்றார். சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்மீது மோதாது விலக முயன்று வீழ்ந்தார். ஆறு நாட்களின் பின் தலைக்காயத்தால் உயிர்நீத்தார். அவரைப் பார்வையிட்ட மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேன்ஸ், பின்னர் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எடுத்துக்காட்டினார். பிரித்தானியாவில் அது சட்டத்தாற் கட்டாயமானது 1973இலேதான்.

திறந்த சிறு காரும் முழுக்காவல் தருவதன்று; பெரிய வாகனத்தோடு மோதினால் அதன் மெல்லிய தகடு தாங்காது. எனினும், அது மோட்டார்ச் சைக்கிளைப்போல் ஒருபுறம் வீழ்வதில்லை, ஆசனப்பட்டியும் உண்டு, அருகில் ஒரு துணைவரையும் அமர்த்தலாம்.

எனவே தீர்ப்பு யாது? உணர்ச்சியின் கூர்மையில் மோட்டார்ச் சைக்கிளே முந்துகின்றது. பிழை பொறுப்பதிற் கார் முந்துகின்றது. இரண்டின் இன்பத்துக்கும் மூலம் ஒன்றே: இலேசான பொறி, செலுத்துவோரின் சிறு அசைவுக்கும் உடனே மறுமொழி சொல்வது. அவ்வின்பம் மிதமான வேகத்திலே வளைந்த நாட்டுப்புற வீதியொன்றிலும் நிறைவாகக் கிடைக்கும். இதனை அறிந்த இளைஞர் எதைத் தெரிந்தாலும் நன்று. வேகமே இன்பம் என மயங்குவோர்க்கு இரண்டும் ஆகா.