விழுப்புரத்துப் பேராசிரியரின் சட்டமன்றக் கணக்கு

கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே புதுச்சேரி நகரம். வடக்கே காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். இடையில் இருக்கும் இந்த ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் மண்ணின் மைந்தர்களுக்கான இடங்கள் இங்குள்ள பிள்ளைகளுக்கு இல்லை. பிளஸ் டூ முடித்த பெண், சாலைக்கு அந்தப் பக்கம் கல்லூரி இருந்தும், விழுப்புரம் மாவட்டத்தைத்தான் நம்ப வேண்டும். முன்னாள் உயர்கல்வி அமைச்சர் க.பொன்முடியின் அரசியல் வாழ்க்கையை இங்கிருந்து எடைபோடுவதே நியாயம்.

விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் அவர். 1989-ல் திமுக சார்பில் விழுப்புரத்தில் வென்றதும் சுகாதாரத் துறை அமைச்சரானார். அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 191-வது பிரிவு. அதனால் அரசுக் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத்தான் தேர்தலில் நிற்க வேண்டும். மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ஆசிரியர்களே வாக்களித்து உறுப்பினரை அனுப்பிய மேலவையும் 1986-ல் கலைக்கப்பட்டுவிட்டது.

1991-ல் தோற்றவர் 1996-ல் போக்குவரத்து அமைச்சராகத் திரும்பினார். ஆனால் ஆசிரியர் என்ற அனுபவம் பயன்பட்டது 2006–2011 காலத்தில், உயர்கல்வித் துறையில்தான். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழிக்கும் சட்டத்தைக் கருணாநிதி அரசு அப்போதுதான் கொண்டுவந்தது. நுழைவுத் தேர்வு இருந்தவரை, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை முந்திக்கொண்டது. அது போனபின் பிளஸ் டூ மதிப்பெண்ணே பொறியியல் கல்லூரியின் கதவைத் திறந்தது. 2008-ல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. 2021-ல் விழுப்புரத்தில் தொடங்கிய ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை அதே ஆண்டிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவை, மீண்டும் உயர்கல்வி அமைச்சரான அவரே கொண்டுவந்தார். நிதி இல்லை, வசதி இல்லை என்றது அரசு. அதைத் தேடித் தருவதல்லவா அமைச்சர் வேலை? பின்தங்கிய மாவட்டத்துக்கு அது இழப்பே.

சொத்துக் குவிப்பு வழக்கில் 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெண்களை இழிவுபடுத்திய பேச்சுக்காகக் கட்சிப் பதவியை இழந்து, 2025 ஏப்ரலில் அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். வகுப்பில் மாணவிகளுக்குப் பாடம் சொன்ன ஒருவரிடமிருந்து அந்தப் பேச்சு வந்தது மன்னிக்க முடியாதது.

இனி ஓர் ஆசிரியர் வாக்குக் கேட்டு வந்தால், நம் ஊர்ப் பெண்கள் படிக்க எந்தக் கல்லூரியைக் கொண்டுவருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.